இரண்டு கூடை பீச், ஒரு கூடை ப்ளம்ஸ்: அழுகுவதற்குள் என்ன சமைக்கலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: டொராண்டோவில் உங்களுக்கு இது முதல் கோடை. உழவர் சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டு கூடை பீச்சும் ஒரு கூடை நீல ப்ளம்ஸும் வாங்கிவிட்டீர்கள். மூன்று நாளில் சில பழம் இன்னும் கல்லாக இருக்கிறது, சில பழம் கசிய ஆரம்பித்துவிட்டது. கேக், பை எல்லாம் செய்து பழக்கமில்லை. "எளிதாக என்ன செய்யலாம்?" என்று கேட்கிறீர்கள். ஒரு சமையல் குறிப்பைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கூடையில் காய், செங்காய், பழம், கூழ் என்று நான்கும் கலந்து கிடக்கிறது. எதை எதற்கு எடுப்பது என்று தெரியாமல்தான் கை நிற்கிறது என்று படுகிறது. அதற்குத்தான் இந்தப் பதில்.

இங்கே ஒரு பேக்கரியின் பின்கட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பெட்டி பெட்டியாக பீச் உரித்திருக்கிறேன். சொந்த ஊர் நத்தம் பக்கம், மாந்தோப்பு ஊர். அதனால் பேக்கரியில் கற்றதைவிட அம்மாவின் அடுக்களையில் பார்த்ததுதான் இந்தப் பழங்களிடம் அதிகம் கைகொடுத்தது. காரணம் இருக்கிறது. நடுவில் ஒற்றைக் கொட்டை, அதைச் சுற்றிச் சதை, மேலே மெல்லிய தோல் என்ற அமைப்பில் தாவரவியல் கணக்குப்படி மாம்பழமும் பீச்சும் ஒரே வகைக் கனி. குடும்பம் மட்டும் வேறு: மா முந்திரிக் குடும்பம், பீச், ப்ளம்ஸ், ஏப்ரிகாட், செர்ரி, பாதாம் எல்லாம் ரோஜாக் குடும்பம். நெக்டரின் என்று தனியாக விற்கிறார்களே, அதுவும் பீச்தான். ஒரு மரபணு மாறியதால் தோலில் பூனைமயிர் இல்லாமல் போனது, அவ்வளவே. பீச்சுக்குச் சொன்னதெல்லாம் நெக்டரினுக்கும் பொருந்தும், உரிக்கிற வேலையும் மிச்சம்.

முதலில் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கு வந்த முதல் வருடம் நானும் ஒரு கூடை பீச் வாங்கி, கெட்டுப்போகுமே என்று அப்படியே ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பார்வைக்கு அழகு, கடித்தால் நனைந்த பஞ்சு. சாறே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டினேன். பாவம், தப்பு என்னுடையது. காயாக இருக்கும் பீச்சை ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் நாள்கணக்கில் வைத்தால் அதன் சதை பழுக்கும் விதமே கெட்டு, மாவு மாவாகிவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது, சரியாக அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. ஆகவே காயை வெளியே வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி. அவசரமென்றால் காகிதப் பையில் போட்டு வாயை மடக்கி வையுங்கள். பழம் தானே விடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கிப் பழுக்க வைக்கும். வாழைப்பழத்தைக் கூட வைப்பார்கள், அதுவும் இதற்காகத்தான். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைப்பதில் குற்றமில்லை.

இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. வீட்டில் வைத்துப் பழுக்கும்போது பீச் மெத்தென்றாகும், மணம் வரும், புளிப்பும் கொஞ்சம் இறங்கும்; ஆனால் இனிப்பு பெரிதாக ஏறாது. வாழைக்காய் பழமாகும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பீச்சில் அப்படி மாறுவதற்கு மாவுச்சத்து இல்லை. மரத்தில் இருந்தபோது சேர்ந்ததுதான் சேர்ந்தது. அதனால் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். சிவப்பைப் பார்க்காதீர்கள். அது வெயில் பட்ட பக்கம், ரகத்தைப் பொறுத்தும் மாறும். சிவப்பு இல்லாத இடத்தைப் பாருங்கள், காம்பைச் சுற்றி. அங்கே பச்சை இருந்தால் சீக்கிரம் பறித்துவிட்டார்கள், மஞ்சளோ பாலேடு நிறமோ இருந்தால் நம்பலாம். அப்புறம் மூக்கு. மணக்காத பீச்சைச் சமைத்தாலும் மணக்காது.

இனி மேசையில் ஒரு துணியை விரித்து மொத்தத்தையும் கொட்டிப் பிரியுங்கள். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் அசையாதது ஒரு பக்கம். காம்பருகே லேசாகக் கொடுப்பது ஒரு பக்கம். விரல் பதிவதும் கசிவதும் ஒரு பக்கம். பூஞ்சை பூத்தது மட்டும் குப்பைக்கு. அடிபட்டுப் பழுப்பான இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ஆனால் பூஞ்சை வந்த மெத்தென்ற பழத்தை வெட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக அது உள்ளே போயிருக்கும்.

கல்லாக இருக்கிற பீச்சை என்ன செய்வது? மாங்காய்ப் பச்சடி தெரிந்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை. நான்கு காய், தோலைக் கத்தியால் சீவிவிடுங்கள் (வெந்நீரில் போட்டு உரிக்கும் வித்தை காயிடம் பலிக்காது, பழுத்ததில்தான் தோல் கழன்று வரும்). துண்டாக்கி அரை டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் வத்தல்பொடி, உப்போடு வேகவிடுங்கள். பத்து நிமிடத்தில் குழையும். பீச்சுக்கு மாங்காயின் புளிப்பு கிடையாது, அதை ஈடுகட்ட உங்கள் ப்ளம்ஸில் இரண்டைத் தோலோடு வெட்டிக் கூடவே போடுங்கள், கடைசியில் அரை மூடி எலுமிச்சை. வெந்த பிறகு 60 கிராம் வெல்லம், ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. நல்லெண்ணெயில் கடுகு, கிள்ளிய வத்தல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. மாங்காய்ப் பச்சடி மாதிரியே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பால் வாடையும் காரலும் பீச்சில் இல்லை. இது கொஞ்சம் சாதுவான பச்சடி. வெள்ளைச் சதை பீச்சில் இரண்டு முறை செய்து பார்த்தேன், இரண்டு முறையும் வெல்லப்பாகுதான் தின்றோம். மஞ்சள் சதையில் மட்டும் செய்யுங்கள்.

காம்பருகே லேசாகக் கொடுக்கும் செங்காய்தான் அடுக்களைக்கு மிக உகந்தது. அதை வெட்டும் முறை ஒன்று உண்டு. பழத்தில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடும். அதன் வழியே கத்தியைக் கொட்டை வரை இறக்கிச் சுற்றி வந்து, இரண்டு பாதியையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு மேல் நயாகரா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற பீச் பெரும்பாலும் 'க்ளக்' என்று பிரிந்து, ஒரு பாதியில் கொட்டையும் இன்னொரு பாதியில் சிவந்த குழியுமாக நிற்கும். ஜூலையில் வருவது கொட்டையை விடாமல் கட்டிக்கொண்டிருக்கும் ரகம். அதைத் திருகினால் கையில் கூழ்தான் மிஞ்சும், மாம்பழம்போல் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். சமையலுக்குக் கோடைக் கடைசிப் பழத்தையே நான் சொல்வதற்கு இந்தத் திருகலும் ஒரு காரணம்.

இந்தச் செங்காயில் மூன்றைத் தோலுரித்துப் பெரிய துண்டாக வெட்டி மோர்க்குழம்பில் போடுங்கள். கேரளத்தில் மாம்பழப் புளிசேரி வைப்பார்களே, அந்த வழிதான். பீச்சை மஞ்சளும் உப்பும் போட்ட கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, அரை கப் தேங்காய், மூன்று பச்சைமிளகாய், ஒரு டீஸ்பூன் சீரகம், ஒரு டீஸ்பூன் ஊறவைத்த பச்சரிசி அரைத்த விழுதைச் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். தீயைக் குறைத்துவிட்டு, கடைந்த புளித்த தயிர் ஒன்றரை கப். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். அரிசி சேர்ப்பதும் திரியாமல் இருக்கத்தான், அதைத் தவிர்க்காதீர்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், வத்தல். எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் இத்தாலியத் தோழி இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்ட குழம்பு இது.

இதைவிட எளிது வேண்டுமென்றால் தோசைக்கல் போதும். செங்காய் பீச்சைத் தோலோடு இரண்டாக்கி, வெட்டிய முகத்தில் நெய் தடவி, நன்றாகக் காய்ந்த கல்லில் கவிழ்த்து வையுங்கள். மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். கிளறக் கூடாது, நகர்த்தக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. முகம் பழுப்பாகி நெய்யும் சாறும் சேர்ந்து மிட்டாய் வாசம் வரும்போது புரட்டி இன்னும் ஒரு நிமிடம். மேலே ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகு. கெட்டித் தயிரோடு அப்படியே சாப்பிடலாம். ஒரே எச்சரிக்கை: நேற்று வெங்காய ஊத்தப்பம் ஊற்றிய கல்லில் வேண்டாம். அந்த வாசனை எங்கேயும் போகாது, பீச்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ப்ளம்ஸுக்கு வருகிறேன். மனதுக்குள் நான் ப்ளம்ஸ் கட்சி. நீங்கள் வாங்கியது நீண்ட முட்டை வடிவில், கருநீலத் தோலும் மஞ்சள்பச்சைச் சதையுமாக இருக்கும் ஐரோப்பிய ரகம். உலர்த்தினால் உலர்ப்ளம்ஸ் ஆவது. ஊரில் கொடைக்கானலிலிருந்து இறங்குகிற உருண்டைச் சிவப்பு ப்ளம்ஸை நினைத்துக் கடித்திருந்தால் சப்பென்று பட்டிருக்கும். இது அடுப்பேறினால்தான் தன்னைக் காட்டும் பழம். அகலமான சட்டியில் ஒரு கிலோ ப்ளம்ஸைக் கொட்டை நீக்கிப் பாதிகளாகப் போட்டு, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடி, மிகச் சிறு தீயில் வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் திறந்து பாருங்கள், அடியில் சாறு கட்டியிருக்கும். முதலில் அது மங்கலான மஞ்சள். கொஞ்ச நேரத்தில் தோலிலிருந்து நிறம் இறங்கி இளஞ்சிவப்பாகும், இன்னும் பத்து நிமிடத்தில் சட்டி முழுக்கச் செம்பருத்தி நிறம். அந்த நிறமியும் புளிப்பின் பெரும்பகுதியும் தோலில்தான். அதனால்தான் பச்சையாகச் சப்பென்றிருந்தது வெந்ததும் புளிக்கும். சர்க்கரையை முதலிலேயே அளந்து கொட்டாதீர்கள். வெந்த பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து ருசி பார்த்து, அப்புறம் போடுங்கள். எனக்குக் கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். ஒரு வருடம் இரண்டு போதுமாக இருந்தது, மழை அதிகமான இன்னொரு வருடம் ஆறு தேவைப்பட்டது. எந்தக் குறிப்பிலும் எழுதியிருக்கும் சர்க்கரை அளவை எழுதியவருடைய பழத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு ஏலக்காய், சின்னத் துண்டு இஞ்சி. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் இருக்கும் காலையில் இதை ஓரமாக ஊற்றிப் பாருங்கள்.

அதே வெந்த ப்ளம்ஸில் பாதியைத் தொக்காக்கலாம். தாராளமாக நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், வத்தல்பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், உப்பு, சின்ன வெல்லக்கட்டி சேர்த்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுருட்டினால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் கேட்காது. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆஸ்திரியாவில் இந்த நீல ப்ளம்ஸைக் கொண்டு ஓர் உருண்டை செய்வார்கள். கொட்டையை எடுத்துவிட்டு அந்தக் குழியில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து, உருளைக்கிழங்கு மாவால் மூடி வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டுவது. முதல் முறை பார்த்தபோது 'அட, கொழுக்கட்டை!' என்றுதான் தோன்றியது. விநாயகர் சதுர்த்தியும் ஆவணியில் வருகிறது, இங்கே ப்ளம்ஸும் ஆவணியில்தான். விடுவேனா? அரிசி மாவுச் சொப்பில் ப்ளம்ஸ் துண்டை அப்படியே வைத்து மூடினேன். ஆவியில் சாறு பொங்கி, பன்னிரண்டில் ஒன்பது வாய் பிளந்து, இட்லித்தட்டு முழுக்க ரத்தக்களரி. மறுவருடம் ப்ளம்ஸையும் வெல்லத்தையும் தேங்காய்த்துருவலோடு சேர்த்து, கரண்டியில் ஒட்டாமல் திரளும்வரை வற்றக் கிளறி, ஆறவைத்துப் பூரணமாக வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. பூரணம் தண்ணீர் விட்டால் சொப்பு பிளக்கும் என்று அம்மா சொன்னது பருப்புப் பூரணத்துக்கு மட்டுமல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

ஓவன் பயம் தெளிந்த ஒரு நாளில் ஒரே ஒரு பண்டம் செய்து பாருங்கள்: க்ரம்பிள், அதாவது பழத்தின்மேல் உதிரி மாவைத் தூவிச் சுடுவது. கேக்போல் உப்பி எழுமோ எழாதோ என்ற கவலை இதில் இல்லை. ஒரு கிலோ பழம் (பீச், ப்ளம்ஸ் கலந்தும் போடலாம்), அதில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஸ்டார்ச்), கொஞ்சம் சர்க்கரை பிசறி ஒரு தட்டில் பரப்புங்கள். 100 கிராம் மைதா, 50 கிராம் ஓட்ஸ், 75 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பில் 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் தேய்த்து, புட்டு மாவு பதத்துக்குக் கொண்டுவந்து மேலே தூவி, 375 ஃபாரன்ஹீட்டில் 35 முதல் 40 நிமிடம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். சாறு ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் கொப்பளிக்க வேண்டும். சோளமாவு கொதிநிலையை நெருங்கினால்தான் கெட்டியாகும், இல்லையென்றால் தட்டில் ரசம்தான். எடுத்ததும் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ஜாம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் மூன்று கூடை இருக்கும்போது அந்த எண்ணம் வந்தே தீரும். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருள் ப்ளம்ஸில் நிறைய, தானே இறுகும். பீச்சில் குறைவு, எலுமிச்சைச்சாறு சேர்த்தாலும் தளர்வாகத்தான் நிற்கும். கிலோ ப்ளம்ஸுக்கு 600 கிராம் சர்க்கரை, 105 டிகிரி செல்சியஸ் தொட்டால் பதம். வெப்பமானி இல்லையென்றால் ஃப்ரீஸரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், மேலே ஆடைபோல் சுருங்க வேண்டும். இதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுவது வரைக்கும் நான் பொறுப்பு. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பது வேறு வித்தை. அதற்கு அமில அளவும் கொதிநேரமும் சோதித்து எழுதிய முறையை அப்படியே பின்பற்ற வேண்டும், என் கைக்கணக்கு உதவாது. குறிப்பாக வெள்ளைச் சதை பீச்சில் அமிலம் போதாமல் போகலாம் என்பதால் அதைப் பாட்டிலில் அடைக்க வேண்டாம், உறையவைப்பதே பத்திரம்.

இன்னும் இரண்டு விஷயம். கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரி ஒரு பருப்பு இருக்கும், பாதாம் வாசனையும் வரும். அதைப் போட்டுப் பாயசம் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதிலுள்ள அமிக்டாலின் என்ற பொருள் உடலுக்குள் சயனைடு என்ற நஞ்சாக மாறும். அடுத்து, பீச்சோ ப்ளம்ஸோ பச்சையாகத் தின்றதும் உதடும் தொண்டையும் அரிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது வரும், பெரும்பாலும் அவர்களுக்கு வேகவைத்த பழம் ஒன்றும் செய்வதில்லை. இந்த 'பெரும்பாலும்' முக்கியம். வெந்த பிறகும் போகாத இன்னொரு வகை பீச் ஒவ்வாமை உண்டு, அது கடுமையாகவும் இருக்கும். எது யாருக்கு என்று சமையல்காரி சொல்ல முடியாது. வீட்டில் யாருக்காவது அரித்தால் சமைத்துக் கொடுத்துச் சோதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் மேசைக்கு. கசிகிற பழத்துக்குத்தான் அவசரம், அதை இன்றிரவே பாருங்கள். கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டால் தோல் கையோடு வரும். துண்டாக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச்சாறு பிசறி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் வைத்து, இறுகியதும் பைக்கு மாற்றுங்கள். மார்கழிக் குளிரில் லஸ்ஸிக்கு ஆகும். செங்காயில் நாளைக்கு மோர்க்குழம்பு, கல்லாக இருப்பதில் வார இறுதியில் பச்சடி, அதற்குள் பழுத்துவிட்டால் அப்படியே தின்றுவிடுங்கள். நீல ப்ளம்ஸ் இவை எல்லாவற்றையும்விடப் பொறுமைசாலி, கழுவாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது மருந்து இல்லை, பழம் தானே பூசிக்கொண்ட மெழுகு. சமைக்கப் போகும்போது கழுவினால் போதும்.